பாரம் தாங்கும் எஃகு மிதிவண்டி

1931ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி. சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் இந்தியர்கள் கூடி ஒருவரை வழியனுப்பி வைத்தார்கள். அவர் பெயர் ராம்நாத் பிஸ்வாஸ். இன்றைய வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தவர். உலகைச் சுற்றி வருவதற்காக அவர் அன்று ஏறியது மிதிவண்டியில். கையோடு எடுத்துக்கொண்டவை ஒரு ஜோடிச் செருப்பு, இரண்டு போர்வைகள், ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருந்தவை மிதிவண்டியைப் பழுதுபார்க்கும் கருவிகள்.

மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் என்று நீண்ட அந்தப் பயணம் கனடாவரை சென்றது. பின்னர் வங்க மொழியில் பல பயண நூல்களை அவர் எழுதினார். மாற்று உடைக்குக்கூட அதிகம் இடம் தராத ஒரு மனிதர், பழுதுபார்க்கும் கருவிகளுக்கு ஒரு பெட்டியையே ஒதுக்கினார் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. நெடுந்தூரம் போகிற மிதிவண்டிக்கு எது பலம் என்ற கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

இன்று கடைகளில் ஏழு, எட்டு கிலோ எடையுள்ள கார்பன் மிதிவண்டிகள் தொங்குகின்றன. ஒரு விரலால் தூக்கலாம். ஆனால் கூடாரமும் சமையல் பாத்திரமும் உடைகளும் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் நாடு விட்டு நாடு போகிறவர்கள் இன்னும் 13, 14 கிலோ எடையுள்ள எஃகு மிதிவண்டியைத் தேடுகிறார்கள். இது பழைமைப் பற்றா? அல்லது அதற்குக் காரணம் உண்டா?

பாரம் ஏறினால் என்ன ஆகும்?

சாதாரண மிதிவண்டி ஒரு மனிதரைச் சுமப்பதற்காக உருவாக்கப்பட்டது. அதன் பின்புறம் இருபது கிலோ சாமானைக் கட்டினால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது, குதிகால் பையில் இடிக்கும். பெடலுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் பந்தய மிதிவண்டிகளில் ஏறக்குறைய 410 மில்லிமீட்டர்தான். பக்கப்பைகளை மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் கால் தட்டும். பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்டினால் பாரம் முழுவதும் பின் அச்சைத் தாண்டி நின்று, முன்சக்கரம் லேசாகிவிடும்.

இரண்டாவது, வண்டி நடுங்கும். மெல்லிய சட்டகத்தின் பின்பகுதியில் பாரம் ஊசலாடும்போது அந்த அசைவு முன்சக்கரத்திற்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, ஒன்றையொன்று வளர்த்துக்கொள்ளும். சமதரையில் இது எரிச்சலாக மட்டுமே இருக்கும். மலை இறக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் இது தொடங்கினால் ஆபத்து.

மூன்றாவது, பின்சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாக முறியத் தொடங்கும்.

நெடும்பயண மிதிவண்டி இந்த மூன்றையும் மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது. நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த சர்லி நிறுவனத்தின் 'லாங் ஹால் டிரக்கர்'. பெயருக்கு 'நெடுந்தூர லாரி ஓட்டுநர்' என்று பொருள். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்து, பின்னர் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டி இது. அதன் வழியில் டிஸ்க் பிரேக்குடன் வந்தது 'டிஸ்க் டிரக்கர்'. ஆயினும் பழைய டிரக்கர்கள் இன்றும் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த வண்டியில் பெடலுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 460 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஐந்து சென்டிமீட்டரில் குதிகாலுக்கு இடம் கிடைக்கிறது. பாரம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அமர்கிறது. வண்டி நேராக ஓடுகிறது. திடீரென வளைத்துத் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு, கையை இறுக்கிப் பிடிக்காமலேயே நேராகப் போகிற வண்டிதான் வேண்டும்.

ஏன் எஃகு?

இத்தகைய வண்டிகளின் சட்டகம் பெரும்பாலும் 'குரோமோலி' எனப்படும் எஃகால் ஆனது. இரும்புடன் ஏறக்குறைய ஒரு விழுக்காடு குரோமியமும் 0.2 விழுக்காடு மாலிப்டினமும் 0.3 விழுக்காடு கரியும் சேர்ந்த கலவை இது. குழாய்கள் இணைகிற முனைகளில் சுவர் 0.9 மில்லிமீட்டர் தடிப்பாகவும், அழுத்தம் குறைந்த நடுப்பகுதியில் 0.6 மில்லிமீட்டராகவும் இழைக்கப்படுவது வழக்கம். தேவையான இடத்தில் பலம், தேவையற்ற இடத்தில் எடைக் குறைப்பு.

எஃகு அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. அதே சமயம் மூன்று மடங்கு விறைப்பானது. ஆகவே எஃகுக் குழாய் ஒல்லியாக இருந்தாலே போதும். அலுமினியக் குழாயைப் பருமனாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் முக்கியமான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிகிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். எஃகுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் உள்ள அழுத்தத்தை அது எத்தனை இலட்சம் முறை தாங்கினாலும் நடைமுறையில் சோர்வதில்லை. அலுமினியத்திற்கு அப்படி ஓர் எல்லைக்கோடு இல்லை. சிறு அழுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அலுமினியச் சட்டகங்களைத் தேவைக்கு மேல் தடிப்பாகச் செய்கிறார்கள். அப்படிச் செய்த நல்ல அலுமினிய நெடும்பயண வண்டிகளும் உலகில் ஓடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று, எஃகு பெரும்பாலும் சொல்லிவிட்டு உடைகிறது. முதலில் வளையும்; அல்லது பூச்சில் மயிரிழை போன்ற கீறல் தெரியும்; மிதிக்கும்போது கிறீச் என்று சத்தம் வரும். கவனிக்கிறவருக்கு அவகாசம் கிடைக்கும். கார்பன் வலுவில் குறைந்ததல்ல. ஆனால் விமானத்தில் ஏற்றும்போது பட்ட ஓர் அடி உள்ளே அடுக்குகளைப் பிரித்திருந்தால், வெளியே ஒன்றும் தெரியாமல் போகக்கூடும்.

பட்டறைக் கதை பாதி உண்மை

எஃகைப் பற்றி எங்கும் சொல்லப்படும் ஒரு பேச்சு உண்டு: "உடைந்தால் என்ன, எந்தக் கம்பத்துப் பட்டறையிலும் ஒட்டவைத்துவிடலாம்!"

இதில் உண்மை உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ஸ் ஸ்டூக்கே இதற்குச் சான்று. 1962ஆம் ஆண்டு தமது 22ஆவது வயதில் ஹோவல்ஹோஃப் என்ற சிற்றூரிலிருந்து மூன்று கியர் கொண்ட எஃகு மிதிவண்டியில் புறப்பட்டவர், ஊர் திரும்பி நிலைத்தது 2014ஆம் ஆண்டில். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், 600,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். வண்டியின் எடை மட்டும் ஏறக்குறைய 25 கிலோ. அதன் சட்டகம் உடையாமல் இல்லை, பலமுறை உடைந்தது. ஒவ்வொரு முறையும் ஒட்டவைத்துக்கொண்டு மேலே போனார்.

ஆனால் அவருடைய வண்டி தடித்த பழைய குழாய்களால் ஆனது. இன்றைய குரோமோலிக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வீட்டு இரும்புக் கதவைப் பற்றவைக்கிற கருவியை அப்படியே வைத்தால் குழாயில் ஓட்டை விழும். பித்தளை உருக்கி ஒட்டத் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. அப்போதும் அது அடுத்த பெரிய ஊர்வரை கொண்டு சேர்க்கும் தற்காலிக ஒட்டு என்றே கொள்ள வேண்டும். கேரியர், அதன் தாங்கிக் கம்பி போன்றவற்றை ஒட்டவைப்பதில் இந்தச் சிரமம் குறைவு.

ஆகவே "எஃகு வண்டி வாங்கிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று யாராவது நினைத்தால் அது தவறு. வழியில் பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் சட்டகமே அல்ல.

உண்மையில் உடைவது எது?

பேராக் மாநிலத்தின் கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளலாம். 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தச் சாலை, 100 கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் ஏறி இறங்குகிறது. யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. மிதிவண்டிக் கடைக்கு அங்கே வழியில்லை. பாரம் ஏற்றிய வண்டியின் பின்சக்கரத்தில் நடுவழியில் 'டிங்' என்று ஒரு சத்தம். ஒரு ஸ்போக் கம்பி முறிந்துவிட்டது. மாலை மணி நான்கு. இப்போது என்ன?

விடை, அந்தச் சக்கரத்தில் மொத்தம் எத்தனை கம்பிகள் என்பதைப் பொறுத்தது. பந்தயச் சக்கரத்தில் 20 அல்லது 24 கம்பிகள்தான். ஒன்று போனால் ரிம் கோணி, பிரேக்கில் அல்லது சட்டகத்தில் உரசும். உருட்டக்கூட முடியாமல் போகலாம். நெடும்பயண வண்டியில் 36 கம்பிகள். ஒன்று போனால் மற்ற 35 கம்பிகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். சக்கரம் சற்றே ஆடும், ஆனால் ஓடும்.

முறிவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், சங்கிலி இருக்கும் வலப்பக்கத்தில் அல்லது அதற்கு எதிர்ப்பக்கத்தில், கம்பி வளையும் முழங்கை போன்ற இடத்தில். பின்சக்கரமே கூடுதல் பாரத்தைச் சுமக்கிறது. பல்சக்கரத் தொகுதிக்கு இடம் விடுவதற்காக இரு பக்கக் கம்பிகளும் சமமில்லாத இறுக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து இறுகுகிறது; அதே உலோகச் சோர்வு. எனவே நெடும்பயணத்தில் மிக மதிப்புள்ள பொருள், கைதேர்ந்தவர் ஒருவர் சீராக இறுக்கிக் கட்டிய பின்சக்கரம். சட்டகத்தில் மிச்சம் பிடித்தாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

லாங் ஹால் டிரக்கரின் பின்பகுதிக் குழாயில் இரண்டு உதிரி ஸ்போக் கம்பிகளைச் செருகிவைக்க இடம் விட்டிருந்தார்கள். பார்ப்பதற்கு அற்ப விஷயம். கிரிக்குக்கும் ஜெலிக்கும் நடுவே அந்த இரண்டு கம்பிகள்தான் பெரிய விஷயம். வலப்பக்கக் கம்பியை மாற்றப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்கான சிறு கருவியும் பையில் இருக்க வேண்டும்.

கம்பிக்கு அடுத்து வருவது கேரியரின் போல்ட். அதிர்வில் தளர்ந்து, ஒருநாள் கழன்று விழும். அல்லது தளர்ந்த நிலையிலேயே பாரம் தாங்கி முறியும். சட்டகத்தில் கேரியருக்கென்றே திருகு துளைகள் இருக்கின்றனவா என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டை போன்ற வளையத்தால் மாட்டுவது நெடும்பயணத்திற்கு ஆகாது. தினமும் காலையில் புறப்படும் முன் போல்டுகளை ஒரு முறை திருகிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இருபத்தாறும் இருபத்தாறும் ஒன்றல்ல

டயர் விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மலை மிதிவண்டியின் பழைய அளவு 26 அங்குலம். பள்ளிப் பிள்ளைகளும் தாய்மார்களும் ஓட்டும் சாதாரண மிதிவண்டியிலும் '26' என்றே அச்சிட்டிருக்கும். ஆனால் முன்னது 559 மில்லிமீட்டர் ரிம். '26 x 1 3/8' என்று போட்டிருக்கும் பின்னது 590 மில்லிமீட்டர் ரிம். ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. '700சி' எனப்படும் சக்கரமும், இன்றைய மலை வண்டிகளின் '29 அங்குல'ச் சக்கரமும் பெயரில் வேறுபட்டாலும் இரண்டும் 622 மில்லிமீட்டர் ரிம்தான்.

டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 559, 590, 622 என்ற எண்களில் ஒன்று இருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

ஒரு காலத்தில் "26 அங்குலமே சிறந்தது, உலகின் எந்த மூலையிலும் டயர் கிடைக்கும்" என்றார்கள். அப்போது அது சரி. புதிய மலை வண்டிகள் பெரிய சக்கரத்திற்கு மாறிவிட்டதால், இன்று போகும் நாட்டைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும் சிறிய சக்கரம் இன்றும் வசதி. டிரக்கரின் சிறிய அளவுச் சட்டகங்கள் 26 அங்குலச் சக்கரத்துடன் மட்டுமே வந்ததற்கு அதுவே காரணம். டயரின் அகலம் 35 முதல் 50 மில்லிமீட்டர்வரை இருந்தால் பாரத்தையும் தாங்கும், குழிகளின் அடியையும் வாங்கிக்கொள்ளும்.

ஏற்றமும் இறக்கமும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பாரத்துடன் ஏறுகிறவருக்கு வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டராகக்கூடக் குறையும் இடங்கள் வரும்.

நெடும்பயண வண்டியில் முன்பக்கம் 48, 36, 26 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள் இருப்பது வழக்கம். பின்பக்கத்தில் பெரியது 34 பற்கள். முன்னால் 26, பின்னால் 34 என்று வைத்தால், 26 அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்று மிதிக்கு வண்டி 1.6 மீட்டர் மட்டுமே நகரும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூச்சு வாங்கும்; ஆனால் முழங்கால் தப்பிக்கும். பந்தய வண்டியின் குறைந்த கியரில் ஒரு மிதிக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் நகரும். அதே வேகத்தில் நிமிடத்திற்கு 40 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியிலும் முழங்காலில் பாரம் இறங்கும். பயணம் பாதியில் நிற்பதற்கு முழங்கால் வலியும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

டிரக்கரில் கியர் மாற்றும் நெம்புகோல்கள் ஹேண்டலின் முனையில் இருந்தன. படிப்படியாக 'கிளிக்' என்று மாறும் அமைப்பு கெட்டுப்போனால், ஒரு திருகைத் திருப்பிப் பின்பக்கக் கியரைப் படியே இல்லாமல் கையளவில் மாற்றிக்கொள்ளலாம். பழைய ஏற்பாடுதான். ஆனால் கேபிள் சற்று இழுபட்டாலும் வண்டி நிற்காது.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். ஓட்டுநர், வண்டி, பாரம் எல்லாம் சேர்ந்து 104 கிலோ என்றால், 1,400 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் நான்கு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்று ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி பிரேக்கில் சூடாக மாறும். ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சுட்டு, டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க் பிரேக்கில் ரிம் சூடாவதில்லை, மழையிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் டிஸ்க் தகடு சூடாகும். எதுவாக இருந்தாலும் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்குவதும், நடுவில் நின்று ஆறவிடுவதும் நல்லது. தொலைதூரத்திற்கு எண்ணெய் அழுத்த பிரேக்கைவிடக் கேபிள் பிரேக்கைச் சாலையோரத்தில் சரிசெய்வது எளிது.

நான்கு கிலோவின் கணக்கு

"எஃகு வண்டி கனம், ஏற்றத்தில் கொன்றுவிடும்" என்பது பலருடைய அச்சம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓட்டுநர் 70 கிலோ, வண்டி 14 கிலோ, சாமான் 20 கிலோ; மொத்தம் 104 கிலோ. வண்டியில் நான்கு கிலோவைக் குறைத்தால் மொத்தத்தில் குறைவது நான்கு விழுக்காட்டுக்கும் கீழ். ஐந்து மணி நேரம் பிடிக்கும் மலையேற்றத்தில் மிச்சமாவது 11 நிமிடம். அந்த 11 நிமிடத்திற்காகக் கேரியர் துளையும் 36 கம்பிச் சக்கரமும் இல்லாத வண்டியை வாங்குவது அறிவுடைமை ஆகாது. குறைக்க வேண்டியது பையில் இருக்கிறது. தேவையற்ற நான்கு கிலோவை வீட்டில் வைத்துவிட்டால் அதே 11 நிமிடம் செலவில்லாமல் கிடைக்கும்.

மயிலிறகே என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது இங்கே அப்படியே பொருந்தும். எவ்வளவு உறுதியான வண்டிக்கும் ஓர் அளவு உண்டு.

அதே வேளையில், கனமெல்லாம் பலமும் ஆகாது. மலிவு விலையில் சுருள்வில் வைத்து வரும் மலை மிதிவண்டிகள் 16, 17 கிலோகூட இருக்கும். அவற்றின் கனம் தடித்த மட்ட இரும்பிலும் தேவையற்ற வில்லிலும் இருக்கிறது. சக்கரமோ சாதாரணமானது.

சாமானை ஏற்றும் முறையும் முக்கியம். கனமானவை கீழே; இடமும் வலமும் சமமாக. எல்லாவற்றையும் பின்னால் கட்டாமல் ஒரு பங்கை முன்பக்கப் பைகளில் வைத்தால் பின்சக்கரத்துக்கு நிம்மதி, நடுக்கமும் குறையும். வெப்பநாட்டில் தண்ணீரே நான்கைந்து கிலோ ஆகிவிடும். அதைச் சட்டகத்தின் நடுவில் தாழ்வாக வைப்பது நல்லது. இறக்கத்தில் வண்டி நடுங்கத் தொடங்கினால் பதறி முன்பிரேக்கைக் கவ்வக் கூடாது. மேல்குழாயை முழங்கால்களால் இறுக்கி, பின்பிரேக்கை மெல்ல அழுத்த வேண்டும்.

எஃகின் பகைவன்

எஃகுக்கு ஒரு பகைவன் உண்டு, துரு. மெர்சிங் முதல் கோலத் திரங்கானுவரை கடலோரமாகப் போகிறவருக்கு உப்புக் காற்று. எங்கு போனாலும் மாலை மழை. வெளியே பூச்சு பளபளப்பாக இருக்கும். துரு குழாய்க்குள்ளே பிடிக்கும். புதிதாக வாங்கியவுடன் குழாய்களுக்குள் துரு தடுக்கும் எண்ணெயைத் தெளித்துக்கொள்வது நல்லது. பெருமழையில் ஓட்டிய பிறகு இருக்கைத் தண்டைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து நீரை வடித்துவிட வேண்டும். அந்தத் தண்டுக்குக் கிரீஸ் தடவாமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் உள்ளேயே இறுகிக்கொள்ளும். கீறல் விழுந்த இடத்தில் சிறிது வண்ணம் பூசினாலே போதும்.

புதிதுதான் வேண்டுமா?

நெடும்பயண வண்டிகள் விலை குறைந்தவை அல்ல. ஆனால் வசதி இல்லை என்பதற்காக ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டுகளில் வந்த, முன்பக்கம் வில் இல்லாத குரோமோலி மலை மிதிவண்டிகள் இன்றும் பழைய சாமான் கடைகளிலும் வீட்டுப் பின்கட்டுகளிலும் கிடக்கின்றன. 26 அங்குலச் சக்கரம், குறைந்த கியர், பலவற்றில் கேரியர் துளைகளும் உண்டு. நல்ல பின்சக்கரம் ஒன்றைக் கட்டி, டயரையும் கேபிள்களையும் மாற்றினால் அது நெடும்பயண வண்டிதான்.

வாங்கும் முன் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். பெடல் அச்சைச் சுற்றித் துரு உண்டா? பின் அச்சு மாட்டும் இடத்தில் கீறல் உண்டா? முன் கவை பின்னுக்கு வளைந்திருக்கிறதா? இருக்கைத் தண்டு அசைகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓட்டுகிறவரின் உயரத்திற்குப் பொருந்துகிறதா? பொருந்தாத நல்ல வண்டியைவிடப் பொருந்தும் சாதாரண வண்டி மேல்.

அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி 1963ஆம் ஆண்டு கடுங்குளிரில் ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு, மிதிவண்டியில் இந்தியா வந்து சேர்ந்த பெண்மணி. அவருடைய வண்டி ஏறக்குறைய 17 கிலோ எடையுள்ள சாதாரண வண்டிதான். புறப்படும் முன் அதிலிருந்த மூன்று கியர் அமைப்பை அவர் கழற்றச் செய்தார். ஆசியாவின் சாலைகளில் அது தாங்காது என்று கருதியதே காரணம். உதிரி டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். எது கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்வது என்று முதலில் யோசித்தவர் அவர்.

புறப்படும் முன்

மலேசியாவில் பயணத்தைத் தொடங்க நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. பழைய கூட்டரசுச் சாலைகளே வழி. பொந்தியான், பத்து பகாட், மூவார், மலாக்கா வழியாகப் போகும் 5ஆம் எண் சாலையில் ஊருக்கு ஊர் கடை உண்டு, தொடக்கக்காரருக்கு ஏற்றது. ஆனால் லாரிகளும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. பாரம் ஏற்றிய மிதிவண்டி அகலமானது, சட்டென ஒதுங்க முடியாதது. பளிச்சென்ற உடையும், பகலிலும் எரியும் பின்விளக்கும், பின்னால் பார்க்கும் கண்ணாடியும் ஆடம்பரம் அல்ல.

பெரும்பயணத்திற்கு முன் இரண்டு நாள் பயணம் ஒன்று அவசியம். முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு போய் ஓரிரவு தங்கித் திரும்பினால், பையில் எதை எடுக்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். திரும்பியதும் வீட்டு வாசலில் அமர்ந்து ஒரு வேலை செய்து பார்க்கலாம். பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, ஒரு ஸ்போக் கம்பியை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டி, சக்கரத்தை நேராக்க வேண்டும். முதல் முறை அரை நாள் ஆகும், கையெல்லாம் கறுப்பாகும். வீட்டார் சிரிப்பார்கள். பரவாயில்லை. அந்த வேலை கைவந்த பிறகே காட்டுச் சாலையில் கேட்கும் 'டிங்' சத்தம் ஒரு மணி நேர வேலையாகச் சுருங்கும்; இல்லையென்றால் அதுவே பயணத்தின் முடிவு.

எஃகு வண்டியின் பெருமை அது உடையாது என்பதில் இல்லை. அதில் உடையக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றை ஓட்டுகிறவரின் கையே சரிசெய்யக்கூடும் என்பதில்தான் இருக்கிறது. கை அந்த வேலையைக் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்தப் பெருமை பாதிதான். குவீன் ஸ்திரீட்டிலிருந்து புறப்பட்ட மனிதர் பெட்டி நிறைய எடுத்துச் சென்றது வெறும் கருவிகளை மட்டுமல்ல.